மிர்ட்டில் ஸ்பர்ஜ்: பார்ப்பதிலும் தொடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியிலிருந்து பால்கன் நாடுகள், கிரீமியா, துருக்கி வழியாக ஈரான் வரை, மழை குறைந்த மலைகளின் கற்சரிவுகளில் தானாகவே வளரும் செடி இது. தண்டுகள் நிமிராமல் தரையோடு படரும். அதிகம் போனால் ஒரு முழம் நீளம். சாம்பல் பூத்த நீல இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி, ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருக்கும். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு யூஃபோர்பியா மிர்சினைட்டிஸ் என்று பெயர் வைத்தார். மிர்ட்டில் என்ற புதர்ச்செடியைப் போன்றது என்று பொருள். தோட்டக்காரர்கள் மிர்ட்டில் ஸ்பர்ஜ் என்பார்கள். தண்டின் தோற்றத்தை வைத்துக் கழுதைவால் என்பவர்களும் உண்டு.

பார்க்க எளிமையான செடிதான். ஆனால் இதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னது. அதனால் வரும் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது.

தமிழில் கள்ளி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு குடும்பங்களை அடைத்து வைத்திருக்கிறோம். சப்பாத்திக்கள்ளி கற்றாழை வகையல்ல, காக்டஸ் குடும்பம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா. மிர்ட்டில் ஸ்பர்ஜ் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 2,000 இனங்கள் கொண்ட பெரிய பேரினம் அது. முள்ளும் தடித்த தண்டும் இல்லாததால் இதைக் கள்ளியின் உறவு என்று யாரும் எண்ணுவதில்லை. நீல இலையைப் பார்த்துவிட்டு, சதைப்பற்றான இலை கொண்ட சீடம் என்ற வேறு குடும்பச் செடி என்று முடிவு கட்டுகிறார்கள். காயம் பட்ட இடத்தில் வெள்ளைப் பால் வந்தால் அது சீடம் இல்லை. அதற்காக இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

இன்னொரு குழப்பம் யூஃபோர்பியா ரிஜிடாவோடு. அதுவும் நீலச் சாம்பல்தான், அதே நாட்டுக் காய்ந்த சரிவுகளில்தான் வளர்கிறது. அதன் தண்டு நிமிர்ந்து நிற்கும், இலை ஈட்டி போல நீண்டு கூராக முடியும். மிர்ட்டில் ஸ்பர்ஜின் இலை நுனிப்பக்கம் அகன்று, சிறு முனையோடு முடியும். தண்டு, இலை இந்த இரண்டையும் பார்த்தாலே போதும்.

சரி, பூவுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அதிகம் தப்பாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

வசந்தத்தின் தொடக்கத்தில் தண்டு நுனிகளில் மஞ்சள் கலந்த பச்சையில் கொத்துக் கொத்தாக விரிவதை எல்லோரும் பூவிதழ் என்கிறார்கள். அவை இதழ்கள் இல்லை, பூவடிச் செதில்கள். அதாவது நிறம் மாறிய இலைகள். ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். செதில்களின் நடுவே கடுகை விடச் சற்றே பெரிய ஒரு கிண்ணம் இருக்கும். அதன் விளிம்பில் பிறை வடிவத்தில் நான்கு சுரப்பிகள். ஒவ்வொரு பிறைக்கும் இரண்டு கொம்புகள். கொம்பின் நுனி குமிழ் வைத்தது போலப் பருத்திருக்கும். சுரப்பியின் மேல் தேன் பளபளக்கும். கிண்ணத்துக்குள்ளிருந்து காம்போடு ஒரு சிறு பச்சை உருண்டை வெளியே தலைசாய்த்துத் தொங்கும். அதைச் சுற்றி மகரந்தத்தாள்கள்.

இது முழுதும் ஒரே பூ என்றுதான் லின்னேயஸும் எடுத்துக்கொண்டார். மகரந்தத்தாள்களை எண்ணி, பன்னிரண்டு தாள் வகுப்பில் யூஃபோர்பியாவை வைத்தார். அவ்வளவு பெரியவருக்கே நேர்ந்த தவறு என்பதால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் மகரந்தத்தாள் ஒன்றை மட்டும் கூர்ந்து பார்த்தால் அதன் நடுவில் மெல்லிய மூட்டு ஒன்று தெரியும். மூட்டுக்குக் கீழே இருப்பது பூக்காம்பு, மேலே இருப்பதுதான் மகரந்தத்தாள். அப்படியென்றால் ஒவ்வொரு தாளும் தனித்தனி ஆண் பூ. இதழ், புல்லி எல்லாவற்றையும் இழந்து, ஒற்றைத் தாளாகச் சுருங்கிய பூ. நடுவில் தொங்கும் உருண்டை ஒரு பெண் பூ. அதுவும் வெறும் சூலகம்தான். தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மூட்டை வைத்துத்தான் விளக்கம் சொன்னார். ஆகவே நாம் பூ என்று காட்டும் கிண்ணம் ஒரு மஞ்சரி, அதாவது பல பூக்கள் சேர்ந்த தொகுப்பு. பாடப்புத்தகம் இதைச் சயாத்தியம் என்கிறது. அடுத்த முறை யாராவது இதன் பூவுக்கு எத்தனை இதழ் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இலையின் மேல் படிந்திருக்கும் வெளுப்பைத் தூசி என்றோ சாம்பல் நோய் என்றோ நினைத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மெழுகுப் பூச்சு. கொளுத்தும் வெயிலில் இலையின் ஈரம் போகாமல் காப்பது அதுதான். விரல் பட்ட இடத்தில் மெழுகு போய்ப் பச்சைத் தழும்பாகத் தெரியும்.

தண்டு காய்வதைப் பார்த்து, செடியே போய்விட்டது என்று பிடுங்குவதும் வழக்கமான தவறு. இது பல்லாண்டுச் செடி, ஆனால் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டு ஆண்டுதான். முதல் ஆண்டு இலை மட்டும் விடும். குளிர்காலத்தைப் பசுமையாகவே கழிக்கும். மறு ஆண்டு பூத்துக் காய்த்துக் காய்ந்துபோகும். அந்த நேரத்தில் அடியில் புதுத் தளிர்கள் வந்துகொண்டிருக்கும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் போதும், ஆணிவேர் உயிரோடுதான் இருக்கிறது. வாடுகிறதே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த வேர்தான் முதலில் அழுகும். கல்லும் மணலும் கலந்து, நீர் நிற்காத மண்ணே அதன் பிறந்த இடம்.

அப்புறம், பால். இதை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலில் டைடெர்பீன் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் சிவந்து, எரிந்து, கொப்புளம் போடும். பட்ட உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்துத் தொடங்குவதும் உண்டு. அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து அதே கையால் கண்ணைக் கசக்கிவிடுகிறார்கள். கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும், பார்வை மங்கும். வெறும் தண்ணீரில் கையை அலசினால் பால் போகாது, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, எரிச்சல் குறைந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இந்தச் செடியை வெட்டவே கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இதை வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாக, இதைத் தோட்டத்தை விட்டு நகராத அலங்காரச் செடி என்று நம்புவது. காய் மூன்று அறைகள் கொண்டது. முற்றிக் காயும்போது அறைச் சுவர்கள் இறுகி, ஒரு கட்டத்தில் சட்டென்று வெடிக்கும். வெயில் ஏறும் நேரத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தச் சத்தம் காதில் விழும். விதை 4 மீட்டர் தூரத்துக்கு மேல்கூடப் போய் விழுகிறது.

தண்ணீர் கேட்காத செடி, மான் கடிக்காத செடி என்று அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் விரும்பி நட்டார்கள். அது வேலி தாண்டி மலையடிவாரங்களில் இறங்கி, அங்கிருந்த புல் பூண்டுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று கொலராடோ இதை ஒழித்தே தீர வேண்டிய களைகளின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரிகன், வாஷிங்டன், யூட்டா மாநிலங்களிலும் இது களைப் பட்டியலில் உண்டு. பிறந்த மலையில் அடக்கமாக இருக்கும் செடி வேறு மலையிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்ததுதான் பிழை.

ஒழிக்கப் போகிறவர்களும் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, மேலே மட்டும் வெட்டிவிட்டுப் போவது. ஆணிவேரில் குறைந்தது 10 சென்டிமீட்டராவது மண்ணுக்குள்ளிருந்து எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது தோண்டினால் வேர் அறாமல் வரும். இன்னொன்று, காய் முற்றிய பிறகு வேலையைத் தொடங்குவது. அப்போது செடியை அசைக்கும் ஒவ்வொரு அசைவிலும் விதை தெறிக்கும். பூ விரிகிற பருவத்திலேயே பிடுங்கி, பையில் போட்டு வாயைக் கட்டிவிட வேண்டும். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதைகள் பல ஆண்டுகள் முளைக்கக் காத்திருக்கும் என்பதால், அதே இடத்துக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.