வெளிநாட்டுக் கைபேசி நம் நெட்வொர்க்கில் இயங்குமா? வாங்கும் முன் சரிபார்க்கும் முறை

வெளிநாட்டிலிருந்து உறவினர் கைபேசி வாங்கி வருகிறார் என்றால், "நல்ல சிப்தானே, எல்லா நெட்வொர்க்கும் எடுக்கும்" என்று ஒருவராவது உறுதி சொல்வார். அதில் பாதிதான் உண்மை. ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ என்னும் இரு பழைய நெட்வொர்க் தரங்களில் எது என்ற விவாதம் 4ஜியில் எல்டிஇ என்னும் ஒரே தரத்தோடு முடிந்துவிட்டது. ஆனால், தரம் ஒன்றானாலும் அந்தத் தரம் ஓடும் அலைவரிசைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. சிப்பில் நெட்வொர்க்கோடு பேசும் பகுதியான மோடம் பல பேண்டுகளை, அதாவது அலைவரிசைப் பிரிவுகளை, புரிந்துகொள்ளும் என்றாலும், ஒவ்வொரு பேண்டுக்கும் ஏற்ற வடிகட்டி, பெருக்கி, ஆன்டெனா ஆகியவற்றைத் தயாரிப்பாளர் தனியே பொருத்த வேண்டும். இவற்றுக்குச் செலவாகும் என்பதால், விற்கும் நாட்டில் தேவைப்படாத பேண்டை அவர் விட்டுவிடக்கூடும்.

ஆகவே சிப்பின் பெயரை விட்டுவிட்டு, மாடல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒரே பெயரில் விற்கும் கைபேசிக்குப் பல மாடல் எண்கள் இருக்கும். ஐபோன் 14 மட்டுமே ஐந்து எண்களில் வெளிவந்தது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று சென்று மாடல் எண்ணை ஒருமுறை தொட்டால், 'ஏ' எழுத்தில் தொடங்கும் சரியான எண் தெரியும். ஆண்ட்ராய்டில் 'அபவுட் போன்' பகுதியிலும் பெட்டியின் மேலும் அது இருக்கும். அந்த எண்ணுக்குரிய பேண்டுப் பட்டியலைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தப் பட்டியலை உங்கள் சிம் நிறுவனத்தின் பேண்டுகளோடு ஒப்பிட வேண்டும். ஜியோவின் 4ஜிக்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள் வேண்டும். இவற்றில் 850 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பேண்ட் 5 சுவர்களை எளிதாக ஊடுருவுவதால், அது இல்லாத கைபேசி தெருவில் நன்றாக இயங்கி வீட்டுக்குள் திணறலாம். ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40 ஆகியவற்றைப் பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 1, 28 ஆகிய பேண்டுகள் முக்கியம். 5ஜிக்கு என்78 என்னும் பேண்ட் கட்டாயம் என்றே கொள்ளுங்கள்; 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தும் ஜியோவுக்கு என்28 இருப்பது கூடுதல் பலம்.

பேண்ட் பொருந்துவதோடு வேலை முடிவதில்லை. 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, என்78 வசதியுள்ள ஐபோன்கள்கூட மென்பொருள் அனுமதி இல்லாமல் காத்திருந்தன; டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் அவற்றில் 5ஜி பரவலாகக் கிடைத்தது. ஜியோ தனித்தியங்கும் 5ஜியோடும், ஏர்டெல் 4ஜியைத் துணையாகக் கொண்ட 5ஜியோடும் தொடங்கின என்பதால், கைபேசியின் மென்பொருள் எந்த முறையை அனுமதிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், 4ஜி வழியே குரல் அழைப்பு செய்ய உதவும் வோல்ட்இ வசதி. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. எனவே அந்த சிம்முக்கு வோல்ட்இ வேலை செய்யாத கைபேசியில் இணையம் ஓடினாலும் சாதாரண அழைப்பு போகாது. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

அமெரிக்கக் கைபேசி என்றால், அது ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். அங்கே விற்கப்பட்ட ஐபோன் 14இல் சிம் தட்டே இல்லாததால், உங்கள் நிறுவனம் இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்) தருகிறதா என்பதும் தெரிய வேண்டும்.

கைபேசி கைக்கு வந்ததும் உங்கள் சிம்மைப் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு ஓர் அழைப்பு செய்யுங்கள். பேசும்போதும் 4ஜி அல்லது 5ஜி குறியீடு மாறாமல் இருந்தால் வோல்ட்இ இயங்குகிறது என்று கொள்ளலாம். பிறகு வீட்டின் உள்ளறைக்குச் சென்று, அதே இடத்தில் பழைய கைபேசியில் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். இந்தச் சோதனைகள் முடியும்வரை ரசீதையும் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம்.