முழங்காலுக்கு மேல் மழை: கிராம சபையில் காட்டிப் பேசி இசைய வைப்பது எப்படி

கிராம சபையில் பேச எழுந்தால் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். வெயில் ஏறிக்கொண்டிருக்கும். பின்வரிசையில் பாதிப் பேருக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகும் நினைப்பு. அந்த ஐந்து நிமிடத்தில் ஊரை ஒரு வேலைக்கு இசைய வைக்க வாய்ச்சொல் மட்டும் போதாது, கையில் காட்ட ஒன்று வேண்டும். அது மேடை அழகுக்கு வைக்கிற படமாக இருந்து பயனில்லை. "நெசந்தான்" என்று கேட்பவரே கண்ணால் அளந்து ஒத்துக்கொள்கிற சான்றாக இருக்க வேண்டும்.

அதை ஒரே எடுத்துக்காட்டில் முழுதாகப் பார்ப்போம். கூரையில் விழும் மழையை வடிகட்டி, போர்க் கிணற்றை ஒட்டிய குழிக்குத் திருப்பச் சொல்லும் பேச்சு. ஆயிரம் அடி போட்டும் தண்ணி வராமல் வெறும் புழுதிப் புகை வந்த போர்கள் அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கம் எந்த ஊரிலும் உண்டு என்பதால் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்க ஆள் இருக்கும்.

முதலில், என்ன கேட்கப் போகிறீர்கள்?

வேண்டுகோளை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "மழைநீரைச் சேமிப்போம்" என்பது வேண்டுகோள் ஆகாது. எல்லாரும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். "ஐப்பசி மழைக்கு முன்னால் நம்ம தெற்கு வீதி இருபது வீட்டுக்காரங்களும் கூரைத் தண்ணியைக் குழிக்குத் திருப்பணும்" என்பதுதான் வேண்டுகோள். யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இரண்டாவது வேண்டுகோள் வாயில் வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். குளம் தூர்வாருவதையும் சீமைக்கருவேலம் வெட்டுவதையும் அதே மூச்சில் சேர்த்தால் மூன்றும் நடக்காது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த நாளில் பேசுகிறோம் என்பதே பாதி வேலையை முடித்துவிடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் பேச்சு அன்றைக்குப் பொருந்தும், ஆனால் குழி வெட்ட இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்று ஊர் ஒத்திப்போடும். அக்டோபர் 2 என்றால் மழை வாசலில் நிற்கும், கொத்தனார் கிடைக்க மாட்டார். ஆகஸ்ட் 15 சரியான நாள். வடகிழக்குப் பருவமழைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும், வேலை முடிந்துவிடும்.

எண்ணைக் காலில் தொடுகிற அளவாக்குங்கள்

கொங்குச் சமவெளியில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். வால்பாறைக் கணக்கு வேறு, அதை இங்கே கொண்டுவர வேண்டாம். குறைந்த எண்ணான 600-ஐயே எடுங்கள். கூட்டத்தில் யாராவது "இந்த வருசம் அவ்வளவு பேயலையே" என்றால் தடுமாற வேண்டியிருக்காது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரை என்பது சுமார் 93 சதுர மீட்டர். 600 மி.மீ. மழைக்கு 55,800 லிட்டர். தெறிப்பு, ஆவி, முதல் மழையில் கழித்துவிடும் அழுக்குத் தண்ணி என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினால் மிச்சம் 44,600 லிட்டர் சொச்சம்.

இந்தக் கணக்கு முழுவதையும் மேடையில் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், கேட்டால் காட்டலாம். இந்தக் கணக்கைக் காட்ட மேடையில் இரண்டே பொருள் போதும்.

ஒன்று, 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி நீலம் அடித்த மூங்கில் குச்சி. 600 மி.மீ. மழை என்பது அந்த உயரம்தான். முன்வரிசைப் பெரியவர் ஒருவரை எழுந்திருக்கச் சொல்லி, அவர் காலோரம் குச்சியை நிறுத்துங்கள். முழங்காலைத் தாண்டும். "உங்க மொட்டை மாடியில நாலு பக்கமும் அணை கட்டி, ஒரு வருச மழைய ஒரு சொட்டு விடாம நிறுத்துனா, இவ்வளவு ஒசரம் நிக்குமுங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். குச்சியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அது வரிசை வரிசையாகக் கைமாறிப் போகும்.

இரண்டு, 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் ஒன்பது வரைந்த படம். ஒரு கூரைத் தண்ணி ஒன்பது டேங்கர். டேங்கருக்கு உங்கள் ஊரில் என்ன விலை என்று நீங்கள் சொல்ல வேண்டாம். சித்திரையில் வாங்கியவர்களே முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பு உங்கள் வாயிலிருந்து வரும் எந்த எண்ணையும்விடக் கனமானது.

வடிகட்டிக் கேன்: எங்கே கெடும், ஏன்

பேச்சின் நடுநாயகம் இதுதான்: கூரைத் தண்ணி மணலிலும் ஜல்லியிலும் வடிந்து எப்படித் தெளிகிறது என்று காட்டும் சின்ன மாதிரி. 20 லிட்டர் தண்ணிக் கேனின் அடியை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, மூன்று கால் இரும்புத் தாங்கியில் வையுங்கள். மூடியில் ஆணியைச் சுட்டு ஏழெட்டு ஓட்டை போடுங்கள். உள்ளே முதலில் ஒன்றரை அங்குல ஜல்லி ஆறு அங்குலத்துக்கு, அதன்மேல் முக்கால் ஜல்லி நான்கு அங்குலத்துக்கு, மேலே ஆற்று மணல் நான்கு அங்குலத்துக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே கொசுவலைத் துண்டு. வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லி இடுக்கில் இறங்கிக் கீழே கொட்டும். கீழே ஒரு கண்ணாடிக் குடுவை.

மேலே செம்மண் கலக்கிய தண்ணியை ஊற்றினால் கீழே தெளிந்து சொட்ட வேண்டும். பல இடத்தில் முதல் முறை கலங்கலாகத்தான் வரும், ஊற்றியதைவிட மோசமாகக்கூட வரும். காரணம் கழுவாத ஜல்லி. கிரஷர் தூள் அதில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும். ஜல்லியையும் மணலையும் வாளியில் போட்டு, வடிக்கிற தண்ணி குடிதண்ணி நிறத்துக்கு வரும்வரை அலசுங்கள். ஆறேழு தடவை ஆகும். எம்-சாண்ட் போட்டால் இன்னும் கூடுதல் தடவை. முந்தின நாள் இரவே நல்ல தண்ணி இரண்டு குடம் ஊற்றி ஓடவிட்டு அடுக்கைப் படிய வையுங்கள். கேனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனால் குலுங்கி அடுக்கு கலைந்துவிடும். கூட்டம் நடக்கிற இடத்திலேயே நிரப்புவதுதான் பத்திரம்.

செம்மண்ணிலும் அளவு உண்டு. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும். களி மண்ணைக் கரைத்தால் அது தெளியவே தெளியாது. மிக நுண்ணிய துகள் மணலையும் தாண்டிப் போகும். உங்கள் ஊர்க் கூரையிலிருந்து வரும் தண்ணியில் இருப்பது புழுதியும் சருகும்தான், அதையே கரைத்துக் காட்டினால் போதும்.

நேரம் பிடிப்பது அடுத்த சிக்கல். ஊற்றிய தண்ணி சொட்டத் தொடங்க ஒரு நிமிடமாவது ஆகும். எல்லாரும் குடுவையையே பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த ஒரு நிமிடம் ஒரு நாழிகை. ஆகவே ஊற்றிவிட்டு வேறு விசயத்துக்குப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது குடுவையில் நான்கு விரல் தண்ணி நிற்கும். வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று தடவை பழகி, எந்த வாக்கியத்தில் ஊற்ற வேண்டும் என்று கைப்பிரதியில் சிவப்பில் குறியுங்கள்.

அந்தத் தண்ணியைக் குடித்துக் காட்டாதீர்கள். மணலும் ஜல்லியும் அழுக்கைத்தான் பிடிக்கும், கிருமியை அல்ல. கைதட்டலுக்காகச் செய்தால் நாளைக்கு ஒரு குழந்தையும் செய்யும்.

சார்ட்டும் ஃபிளக்ஸும்

கடையில் கிடைக்கும் சார்ட் 22க்கு 28 அங்குலம். கடைசி வரிசை 40 அடி தள்ளி இருந்தால் எழுத்து 2 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். தமிழில் மேலே கொம்பும் கீழே சுழியும் உண்டு, வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு சார்ட்டில் ஐந்து வரி, வரிக்கு எட்டு ஒன்பது எழுத்து. அவ்வளவுதான் இடம். அதில் பத்தி எழுத முடியாது. படமும் ஒரு எண்ணும் போதும். கறுப்பு அல்லது கருநீல மார்க்கர். சிவப்பு ஒரே இடத்தில். வெள்ளையில் மஞ்சள் பத்தடிக்கு அப்பால் தெரியாது.

ஆகஸ்ட் 15 ஆடிக்கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கும் அடிக்கும். சார்ட்டை செல்லோடேப்பில் ஒட்டினால் முதல் நிமிடத்திலேயே பறக்கும். பிளைவுட் பலகையில் வைத்து நாலு மூலையிலும் கிளிப் போடுங்கள். ஃபிளக்ஸ் அடித்தால் 6க்கு 4 அடி போதும். மேலும் கீழும் மூங்கில் கோத்து, நடுவில் பிறை வடிவில் நாலைந்து கீறல் போட்டால் காற்று அதன் வழியாகப் போய்விடும். படபடக்கிற ஃபிளக்ஸின் முன்னால் பேச்சு எடுபடாது.

புரொஜெக்டர் வேண்டுமா என்றால், பந்தலில் பகலில் வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். திருமண மண்டபம், கூட்டுறவுச் சங்கக் கூடம் என்று இருட்டாக்கக்கூடிய இடமாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதும் பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு அடுத்தவர் மடிக்கணினியில் குப்பை எழுத்தாகத் திறக்கும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் ஒன்றும் கைபேசியில் ஒன்றும் வையுங்கள். கரண்ட் போனாலும் பேச்சு நிற்கக் கூடாது, குச்சிக்கும் கேனுக்கும் கரண்ட் வேண்டாம்.

புகைப்படம் காட்டுவதானால் ஒரே இடம், ஒரே மாதம். சித்திரையில் வறண்ட கிணற்றையும் கார்த்திகையில் நிறைந்த கிணற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, குழி வெட்டியதால் வந்த தண்ணி என்றால், பண்ணயம் பார்க்கிறவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். அதற்குப்பின் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

பேசும்போது

படத்தை முதலிலேயே திறந்து வைக்காதீர்கள். நீங்கள் வணக்கம் சொல்லும்போதே எல்லாரும் அதைப் படித்து முடித்துவிடுவார்கள். வெள்ளைத் துணி போட்டு மூடி, அதைப் பற்றிப் பேசும்போது திறந்து, முடிந்ததும் மூடுங்கள். படத்தைத் தொட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பிறகு வாயைத் திறங்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் மைக்கும் வாயும் விலகிக் குரல் அமுங்கும். மைக் வாய்க்கு நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போனால் கூவும், பெட்டி உங்களுக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

மேடைத் தமிழ் வேண்டாம். ஊர்ப் பேச்சில், "ங்க" போட்டுப் பேசுங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்: "எல்லார்த்துக்கும் வணக்கமுங்க. போன சித்திரையில நம்ம தெக்கு வீதிக்கு எத்தன டேங்கர் தண்ணி வந்துச்சுன்னு யாராச்சும் எண்ணுனீங்களா?" கேட்டுவிட்டு மூன்று எண்ணும் வரை சும்மா இருங்கள். யாராவது ஒரு எண் சொல்வார்கள். அதற்குப் பிறகு அது உங்கள் பேச்சு மட்டுமல்ல, அவர்களுடையதும்தான்.

அங்கிருந்து வரிசை: டேங்கர் படம், மூங்கில் குச்சி, கேனில் ஊற்றுவது, செலவு, கேனுக்குத் திரும்புவது, வேண்டுகோள். செலவுக்குத் தோராயம் சொல்லாதீர்கள். உள்ளூர் கொத்தனாரிடமும் ஹார்டுவேர் கடையிலும் குழாய், ஜல்லி, குழி வெட்டுக் கூலி என்று பிரித்து எழுதி வாங்கிய சீட்டை அப்படியே காட்டுங்கள்.

எதிர்க்கேள்வியை நீங்களே முதலில் எடுங்கள்

மூன்று கேள்வி கட்டாயம் வரும். "2003-லயே எல்லா ஊட்டுலயும் கட்டச் சொல்லி சட்டம் போட்டாங்க, என்னாச்சு?" அதற்கு மழுப்பாத பதில்: பல வீட்டில் குழியைக் கட்டியதோடு விட்டுவிட்டோம். மணல் மேல் வண்டல் படிந்து அடைத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், மேல் மணல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டிப் புதுசு போட வேண்டும். அதையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

"அத்திக்கடவுத் தண்ணி வந்துருச்சே, இது எதுக்கு?" 2024-இல் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறது. ஆற்றில் உபரி இருந்தால்தான் தண்ணி. குளத்தோரப் போருக்கு அது பலம், வீதி மேட்டுப் போருக்குக் கூரைத் தண்ணிதான் கைக்கெட்டியது.

மூன்றாவதுதான் கடினம். "நான் விடற தண்ணி பக்கத்துத் தோட்டத்துக்காரன் போருக்குப் போயிரும்." இதை மறுக்காதீர்கள், அது உண்மை. நம் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை, தண்ணி அதன் வெடிப்பு வழியே போகும் பக்கம் போகும். அதனால்தான் ஒரு வீட்டைக் கேட்காமல் இருபது வீட்டைக் கேட்கிறீர்கள். இருபது கூரைக்கு ஏறக்குறைய ஒன்பது லட்சம் லிட்டர். எந்த வெடிப்பில் போனாலும் வீதிக்குக் கீழேதான் இறங்குகிறது. போர்க் குழாய்க்குள்ளே நேராகக் கூரைத் தண்ணியை விடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். வேலை மிச்சம் என்று யாராவது செய்தால் சேறு இறங்கிப் போரே கெடும்.

தீர்மான வாசகத்தை மூன்று வரியில் எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவிட வேண்டும். பேசி முடித்தபின் எழுத ஆரம்பித்தால் கூட்டம் கலைந்துவிடும்.

இறங்கியதும் கேனையும் குடுவையையும் உடனே எடுத்து வைக்காதீர்கள். மைக்கில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள், முக்கியமாகப் பெண்கள், அப்போதுதான் கிட்டே வந்து மணலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும்: பெயர், கூரையின் நீளம், அகலம், போர் எந்த மூலையில், எந்தக் கிழமை அளக்க வரலாம். கிழமையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அந்த நாளில் டேப்போடு போய் வாசலில் நில்லுங்கள்.