பன்றியின் கொழுப்பு மரபியல்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஒரு பண்ணையில் இரண்டு கொட்டில்கள். இரண்டிலும் உள்ள பன்றிக் குட்டிகளுக்கு டிஎன்ஏ பரிசோதனை செய்கிறார்கள் என்று வையுங்கள். ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே விடை வருகிறது: ஒரு பிரதியில் ஏ என்ற டிஎன்ஏ எழுத்து, மற்றொரு பிரதியில் ஜி. தீவனமும் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். ஆனால் எடை போட்டு, முதுகுக் கொழுப்பை அளந்து, சராசரி எடுத்தால் முதல் கொட்டில் குட்டிகள் சதைப்பிடிப்பாக இருக்கின்றன. இரண்டாவது கொட்டிலில் கொழுப்பு தடித்திருக்கிறது. ஆய்வகத்தில் மாதிரிகள் மாறிவிட்டன என்றுதான் முதலில் தோன்றும். மாதிரிகள் மாறவில்லை. முதல் கொட்டில் குட்டிகளுக்கு அந்த 'ஏ' அப்பனிடமிருந்து வந்தது. இரண்டாவது கொட்டில் குட்டிகளுக்குத் தாயிடமிருந்து வந்தது.

பன்றிக் கொழுப்பு பற்றிய மரபியலில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். எந்த அல்லீல் (மரபணுவின் எந்த வடிவம்) இருக்கிறது என்று கேட்பார்கள், அது யார் வழியாக வந்தது என்று கேட்க மாட்டார்கள். பெரும்பாலான மரபணுக்களுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை என்பதால் பழக்கமும் இல்லை. ஐஜிஎஃப்2 அப்படிப்பட்டதல்ல. தாயிடமிருந்து வந்த பிரதி பெரும்பாலான திசுக்களில் முத்திரை குத்தி மூடப்பட்டுக் கிடக்கும். தந்தை தந்த பிரதிதான் வேலை செய்யும். ஐரோப்பியக் காட்டுப்பன்றியை லார்ஜ் ஒயிட் இனத்தோடு கலந்து ஸ்வீடனிலும், பீட்ரைன் இனத்தை லார்ஜ் ஒயிட்டோடு கலந்து பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வுகள் ஒரே இடத்தைக் காட்டின. 2003ஆம் ஆண்டில் காரணமான மாற்றம் பிடிபட்டது: மூன்றாவது இன்ட்ரானில் (மரபணுவுக்குள் புரதத்துக்கான குறிப்பு இல்லாத பகுதி), 3072ஆம் இடத்தில், ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. ஒரே ஓர் எழுத்து. தந்தை வழியாக வந்தால் தசை 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது, முதுகுக் கொழுப்பு குறைகிறது. தாய் வழியாக வந்தால் ஒன்றும் தெரிவதில்லை.

இப்போது அந்த இரண்டு கொட்டில் குட்டிகளையும் ஒரே பட்டியலில் போட்டு, "ஏஜி உள்ளவை" என்று ஒரே குழுவாகக் கணக்கிட்டுப் பாருங்கள். விளைவு உள்ளதும் இல்லாததும் கலந்து, உண்மையான தாக்கம் மங்கிப்போகும். பெற்றோரின் பரிசோதனை முடிவுகளும் வம்சாவளிப் பதிவும் கையில் இல்லாமல் இந்த மரபணுவைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்பது இதனால்தான். இதில் இன்னொரு நல்ல விஷயமும் இருக்கிறது. தாய் வழியில் இந்த மாற்றம் தேவையே இல்லை என்பதால், தாய்ப்பன்றிகளை ஓரளவு கொழுப்போடு விட்டுவிடலாம். கர்ப்பத்துக்கும் பாலூட்டவும் அந்தச் சேமிப்பு அவளுக்கு வேண்டும். தந்தை வரிசையில் மட்டும் இரண்டு பிரதியும் 'ஏ' ஆக இருந்தால் போதும், இறைச்சிக்குப் போகும் குட்டிகள் எல்லாம் அதன் பலனைப் பெறும்.

இதே மரபணுவை வைத்தே அடுத்த தவறையும் சொல்லிவிடலாம். முதுகுக் கொழுப்பு குறைகிறது என்றதும், இது கொழுப்புச் செல்லுக்குள் ஏதோ செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மாற்றம் தெரிவது தசையில். ஸெட்பெட்6 என்ற புரதம் அந்த இடத்தில் வந்து ஒட்டி மரபணுவை அடக்கி வைக்கும். எழுத்து மாறியதும் அதனால் ஒட்ட முடிவதில்லை (இந்தப் புரதத்தை 2009இல்தான் அடையாளம் கண்டார்கள்). அடக்க ஆளில்லாததால், பிறந்த பிறகு தசையில் ஐஜிஎஃப்2 வெளிப்பாடு, அதாவது மரபணு வேலை செய்யும் அளவு, சுமார் மூன்று மடங்காகிறது. உண்ட சத்து தசைக்குப் போகிறது, கொழுப்பாகச் சேர மிஞ்சுவது குறைகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதுகுக் கொழுப்பிலோ கல்லீரலிலோ மாதிரி எடுத்தால் தேடுவது கிடைக்காது. கருவில் இருக்கும்போது எடுத்த தசையிலும் கிடைக்காது. இடம், காலம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

எம்சி4ஆர் மரபணு கதையும் இப்படித்தான். அதன் புரதத்தில் 298ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜின் வந்தால், பன்றி அதிகம் தின்னும், வேகமாக வளரும், கொழுப்பும் கூடுதலாகச் சேரும் என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. இந்தப் புரதம் வேலை செய்யும் இடம் மூளையின் ஹைபோதலாமஸ், அதாவது பசியைக் கட்டுப்படுத்தும் பகுதி. ஒன்று தசையில், ஒன்று மூளையில். இரண்டையும் "கொழுப்பு மரபணு" என்று ஒரே பெயரில் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

சரி, கொழுப்புத் திசு உண்மையில் எப்படி உருவாகிறது? பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல் முதலில் முன்னோடிக் கொழுப்புச் செல்லாகிறது. பிறகு பிபிஏஆர் காமா, சி/ஈபிபி ஆல்ஃபா என்ற இரண்டு கட்டுப்பாட்டுப் புரதங்களும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு அதை முதிர்ந்த கொழுப்புச் செல்லாக மாற்றுகின்றன. திசு பெருகுவதற்கு இரண்டு வழிகள்: செல்களின் எண்ணிக்கை கூடுவது, இருக்கும் செல் ஒவ்வொன்றும் உள்ளே கொழுப்பை நிரப்பிக்கொண்டு பெரிதாவது. இளம் வயதில் இரண்டும் நடக்கும், போகப்போக நிரம்புவது முந்திக்கொள்ளும். இதைச் சிலர் "சில மாதங்களில் எண்ணிக்கை நின்றுவிடும், அப்புறம் அளவு மட்டும்தான்" என்று கறாராகச் சொல்லிவிடுகிறார்கள். நுண்ணோக்கியில் நாம் எண்ணுவது கொழுப்பு நிரம்பிய செல்களை மட்டுமே. முன்னோடிச் செல்கள் பக்கத்திலேயே இருந்தாலும் சாதாரண இணைப்புத் திசுச் செல் போலத்தான் தெரியும். சரி, திசுவில் உள்ள மொத்த டிஎன்ஏவை அளந்து செல் எண்ணிக்கை சொல்லலாமே என்றால், அதில் ரத்தக் குழாய்ச் செல்லும் நோய் எதிர்ப்புச் செல்லும் சேர்ந்து வந்துவிடும். எந்த முறையில் எண்ணினீர்கள் என்று சொல்லாத எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

கொழுப்பு எல்லாம் ஒன்றே என்று நினைப்பது அடுத்தது. தோலுக்கு அடியில் இருப்பது, குடலைச் சுற்றி இருப்பது, தசைக் கட்டுகளுக்கு நடுவே இருப்பது, தசைக்கு உள்ளேயே நூல் நூலாக ஓடுவது என்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வளரும் காலம் வேறு. தசைக்குள் ஓடுவது பொதுவாகக் கடைசியில் நிரம்பும். பண்ணையில் அளப்பது பெரும்பாலும் முதுகுக் கொழுப்பு: கடைசி விலா எலும்பின் மட்டத்தில், நடுமுதுகிலிருந்து 6.5 செ.மீ. தள்ளி, அல்ட்ராசவுண்டு வைத்து. இறைச்சியின் சுவைக்கும் மென்மைக்கும் பேர்போனது தசைக்குள் ஓடும் கொழுப்பு. இரண்டுக்கும் மரபு வழித் தொடர்பு உண்டு, ஆனால் அது பூட்டிய மாட்டைப் போல ஒன்றோடொன்று இழுத்துச் செல்லும் தொடர்பல்ல. டுராக் இனம் தசைக்குள் கொழுப்புக்குப் பெயர் பெற்றது. அதன் முதுகு பழைய கொழுப்பு இனங்களின் முதுகு போலத் தடித்திருப்பதில்லை. முதுகு மெலிவை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், இறைச்சி உலர்ந்து சக்கையாகிவிட்டது என்ற புகார் பின்னால் வரும்.

எலியிடம் கண்டதைப் பன்றிக்கு அப்படியே பொருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழுப்புச் செல் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆய்வகத்தில் வளர்க்கும் 3டி3-எல்1 என்ற எலிச் செல் வரிசையிலிருந்து வந்தது. அடிப்படை வழிமுறை பன்றிக்கும் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் எலியிடம் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதில் உள்ள யுசிபி1 என்ற புரதம் கொழுப்பை எரித்து நேரடியாக வெப்பமாக்கும். பிறந்த மனிதக் குழந்தைக்கும் அது உண்டு. பன்றிக்குக் கிடையாது. 2006இல் வெளியான ஆய்வில், பன்றியின் யுசிபி1 மரபணுவில் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையான எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகள்) காணாமல் போயிருப்பதும், அது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டதும் தெரிந்தது. வெப்பமான சூழலில் வாழ்ந்த முன்னோருக்கு அது தேவைப்படாமல் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

பன்றி வளர்ப்பவர்களுக்கு இதன் விளைவு நன்றாகவே தெரியும், காரணம்தான் தெரியாமல் இருந்தது. பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான். குளிர் பட்டால் நடுங்கித்தான் சூடேற வேண்டும். வெப்ப விளக்கு போட்டுக் குட்டிகள் படுக்கும் இடத்தை 32 டிகிரி செல்சியஸ் அளவில் வைப்பதும், காட்டுப்பன்றி ஈனுவதற்கு முன் புல்லையும் சுள்ளியையும் சேர்த்துக் கூடு கட்டுவதும் அந்த ஒரு குறையை ஈடுகட்டத்தான். குளம்புள்ள விலங்குகளில் இப்படிக் கூடு கட்டுவது அபூர்வம். 2017இல் சீன விஞ்ஞானிகள் க்ரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் எலியின் யுசிபி1 மரபணுவைப் பன்றியின் வெள்ளைக் கொழுப்பில் வேலை செய்யும்படி புகுத்தினார்கள். அந்தக் குட்டிகள் குளிரில் உடல் வெப்பத்தை நன்றாகத் தக்கவைத்தன, அவற்றின் கொழுப்பும் சுமார் 24 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே பன்றிக் கொழுப்பில் யுசிபி1 புரதத்தைக் கண்டேன் என்று யாராவது எழுதினால், அவர் பயன்படுத்திய ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தை ஒட்டிக் காட்டும் பொருள்) அதன் உறவுக்காரப் புரதங்களான யுசிபி2, யுசிபி3 மீது ஒட்டியிருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மனிதரிடமிருந்து கடன் வாங்கினாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் உடலில் மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பு அமிலம் தயாரிப்பதில் கல்லீரலுக்கே முக்கியப் பங்கு. பன்றியில் அந்த வேலை கொழுப்புத் திசுவிலேயே நடக்கிறது. கல்லீரலில் கொழுப்பு உற்பத்தி மரபணுக்களை அளந்து பன்றியின் கொழுப்பை விளக்க முயல்பவர் அடுப்பை விட்டுவிட்டுத் திண்ணையில் சமையலைத் தேடுகிறார்.

அடையாளக் குறியீட்டையே, அதாவது ஒரு பண்போடு சேர்ந்து வரும் டிஎன்ஏ அடையாளத்தையே, காரணம் என்று நினைப்பதும் உண்டு. காட்டுப்பன்றிக் கலப்பில் நான்காவது குரோமோசோமின் ஒரு பகுதி கொழுப்போடு தொடர்புடையது என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். அது ஒரு பகுதி. அதற்குள் ஏராளமான மரபணுக்கள் குடியிருக்கின்றன. ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் ஆசியக் காட்டுப்பன்றியும் பிரிந்து சுமார் 10 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தனித்தனியாகத்தான் பழக்கப்படுத்தப்பட்டன. அதனால் பீட்ரைனில் மெலிவோடு சேர்ந்து வரும் ஒரு குறியீடு, சீனத்து மெய்ஷான் இனத்தில் எதற்கும் அடையாளமாக இல்லாமல் போகலாம். 2012இல் வெளியான பன்றி மரபணுத்தொகுதி ஒரு டுராக் பெண்பன்றியினுடையது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நாட்டுப்பன்றியில் வேலை செய்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

மெலிவைத் தரும் மரபணு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது ஆபத்தானது. ஹாலோத்தேன் மரபணு என்று பெயர் பெற்ற ஆர்ஒய்ஆர்1 மாற்றம் சதையைக் கூட்டும், கொழுப்பைக் குறைக்கும். இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால், வண்டியில் ஏற்றும் பதற்றத்திலேயே பன்றி செத்துப்போகலாம். பிழைத்தாலும் இறைச்சி வெளிறி, தொளதொளத்து, நீர் வடியும். 1991இல் அந்த ஓர் எழுத்து மாற்றம் தெரிந்த பிறகுதான் பரிசோதனை செய்து விலக்க வழி பிறந்தது.

கடைசியாக, மரபணு பற்றிப் பேசும் வேகத்தில் கண் முன்னே இருப்பதை விட்டுவிடாதீர்கள். விதை நீக்கிய ஆண்பன்றிக்குக் கொழுப்பு அதிகம், பெண்பன்றிக்கு அதைவிடக் குறைவு, விதை நீக்காத ஆணுக்கு இன்னும் குறைவு. மூன்றையும் கலந்து ஒப்பிட்டால் பால் வேறுபாட்டை மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். தீவனமும் அப்படித்தான். பன்றி ஒற்றை வயிறுள்ள விலங்கு. எண்ணெயில் உள்ள, கொழுப்பை இளக்கும் லினோலெயிக் அமிலம் மாடு, ஆட்டில் போல உருமாறாமல், தின்றபடியே அதன் கொழுப்பில் போய்ச் சேரும். எண்ணெய்ச் சத்து மிகுந்த தவிடும் ஹோட்டல் மிச்சமும் தின்று வளர்ந்த வெண்பன்றியின் முதுகுக் கொழுப்பு அறுக்கும்போதே கத்தியில் குழைந்து வரும். அதற்கு இனத்தைக் குறை சொல்வதற்கு முன், கடைசி இரண்டு மாதம் தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று பாருங்கள்.