மூலைமட்டத்தைத் திருப்பிப் பாருங்கள்: இணைகோடுகளும் செங்குத்துக்கோடுகளும்

என் அப்பா கொத்தனார். அவருடைய பையில் கரணை, தூக்குக்குண்டு, நூல்கண்டு இவற்றோடு இரும்பு மூலைமட்டம் ஒன்றும் இருக்கும். ஆறாம் வகுப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த முக்கோணத் தகடுக்கும் மூலைமட்டம் என்றுதான் பெயர் என்று டீச்சர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் சாமான் என் பெட்டிக்குள்ளும் இருந்தது! இப்போது நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இணை, செங்குத்து என்றால் இன்றும் அந்தத் தகட்டிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் இணைகோடு. ஒரு கோடு வரைந்து, மூலைமட்டத்தின் ஒரு விளிம்பை அதன்மேல் வையுங்கள். இன்னொரு விளிம்பை ஒட்டி ஸ்கேலை வைத்து, ஸ்கேல் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது மூலைமட்டத்தை மட்டும் ஸ்கேலை ஒட்டி நகர்த்தி, முதல் விளிம்போரமாக இரண்டாவது கோட்டைப் போடுங்கள். இரண்டும் இணை. ஏன்? ஸ்கேல்தான் இங்கே குறுக்குவெட்டி, அதாவது இரண்டு கோடுகளையும் வெட்டிச் செல்லும் கோடு. தகட்டை எவ்வளவு தள்ளினாலும் அதன் கோணம் மாறாது. ஆக, இரண்டு இடத்திலும் ஒத்த கோணங்கள், அதாவது குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் ஒரே நிலையில் அமையும் கோணங்கள், சமம். ஒத்த கோணங்கள் சமமானால் கோடுகள் இணை என்ற தேற்றத்தைக் கையால் செய்து பார்த்துவிட்டீர்கள்.

சாய்வு என்பதும் இதே விஷயத்தை எண்ணில் சொல்வதுதான். வலப்பக்கம் 3 கட்டம் போகும்போது 2 கட்டம் ஏறினால் சாய்வு 2/3. இன்னொரு கோடும் 3 போய் 2 ஏறினால், அல்லது 6 போய் 4 ஏறினால், அதற்கும் அதே சாய்வு. எனவே இரண்டும் இணை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாய்வு சமமாக இருந்தும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருந்தால், அவை இரண்டு கோடுகளே அல்ல, ஒரே கோடு.

அடுத்து செங்குத்து. சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பரீட்சையில் பின்னத்தைத் தலைகீழாக்குவார்கள், குறியை மாற்ற மறந்துவிடுவார்கள். அந்த −1 எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் பிறகு மறப்பதில்லை. அதனால் இதற்கு மட்டும் ஒரு முழு வகுப்பையே ஒதுக்கிவிடுவேன்.

கட்டம் போட்ட தாளில் அச்சுகளை வரைந்து, (1, 2), (4, 4) என்ற புள்ளிகளைச் சேருங்கள். 3 போய் 2 ஏறும் கோடு அது. பழைய அழைப்பிதழ் அட்டையில் அதே அளவுக்கு, அடி 3 கட்டம், உயரம் 2 கட்டம் உள்ள செங்கோண முக்கோணம் ஒன்றை வெட்டி, அதன் சாய்ந்த பக்கம் கோட்டின்மேல் பொருந்தும்படி வையுங்கள். (1, 2) மேல் இருக்கும் முனையில் ஒரு குண்டூசியைக் குத்திக்கொண்டு, அட்டையை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். படுத்திருந்த 3 இப்போது நிமிர்ந்து நிற்கிறது. நின்றிருந்த 2 இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டது. சாய்ந்த பக்கம் (−1, 5) என்ற புள்ளியைத் தொடுகிறது. அதாவது இடப்பக்கம் 2 போய் 3 ஏறுகிறது, சாய்வு −3/2. போனதும் ஏறியதும் இடம் மாறியதால் பின்னம் தலைகீழானது. வலம் இடமானதால் குறி மாறியது. 2/3ஐயும் −3/2ஐயும் பெருக்கிப் பாருங்கள், −1 வரும்.

படுத்த கோட்டுக்கு இந்தப் பெருக்கல் உதவாது. ஏற்றமே இல்லாததால் அதன் சாய்வு 0. அதைக் கால் சுற்று திருப்பினால் நிற்கும் கோடு, அதன் சாய்வை வரையறுக்க முடியாது. ஆனாலும் இரண்டும் செங்குத்துதான்.

கணக்கில் சமன்பாடு கொடுத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். ax + by + c = 0 என்ற சமன்பாட்டில் x, y முன்னால் நிற்கும் a, b கெழுக்கள், தனியாக நிற்கும் c மாறிலி. இணைகோட்டுக்குக் கெழுக்களை அப்படியே வைத்து மாறிலியை மட்டும் மாற்றுங்கள். செங்குத்துக்கு இரண்டு கெழுக்களையும் இடம் மாற்றி, ஒன்றின் குறியையும் மாற்றுங்கள். கோடு போகவேண்டிய புள்ளியைப் பிரதியிட்டால் புதிய மாறிலி கிடைத்துவிடும்.

போன வருஷம் ஒரு மாணவி கண்கலங்கி நின்றாள். பெருக்கினால் −1 வருகிறது, படத்தில் செங்கோணம் வரவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகு, மற்றதில் 1 செ.மீ.க்கு 10 அலகு என்று எடுத்திருந்தாள். அளவுத்திட்டம் வேறானால் இணைகோடுகள் இணையாகவே தெரியும், செங்கோணம் மட்டும் சிதைந்துவிடும். இரண்டு அச்சிலும் ஒரே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அஸ்திவாரம் தோண்டும் முன் முளையடித்து நூல் கட்டுவார். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மறு நூலில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். 9உம் 16உம் சேர்ந்தால் 25. நாலு மூலையும் முடிந்தபிறகும் விடமாட்டார். எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே டேப்பைப் பிடிக்கச் சொல்வார். "குறுக்களவு ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் பாப்பா மண்வெட்டியத் தொடணும்."

நீங்களும் அதைச் செய்து பாருங்கள். நம் மூன்று புள்ளிகளோடு (2, 7)ஐயும் சேர்த்தால் ஒரு நாற்கரம் கிடைக்கும். எதிர்ப்பக்கங்களின் சாய்வு 2/3, 2/3, −3/2, −3/2. எனவே எதிரெதிர்ப் பக்கங்கள் இணை, அடுத்தடுத்த பக்கங்கள் செங்குத்து. இனி குறுக்களவு. (1, 2)இலிருந்து (2, 7)க்கு 1 போய் 5 ஏற வேண்டும், நீளம் √26. (4, 4)இலிருந்து (−1, 5)க்கு இடப்பக்கம் 5 போய் 1 ஏற வேண்டும், அதுவும் √26.