சீனச் சிவப்பு இலந்தை: கஷாயத்தில் சேர்க்கும் முறை

சீன மருந்துக் கடைகளில் ‘தா சாவ்’ என்று கேட்டால் கிடைக்கும் சுருங்கிய சிவப்புப் பழம், பேரீச்சை போலத் தெரிந்தாலும் இலந்தை இனத்தைச் சேர்ந்தது. மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும் வலுவூட்டும், இரத்தத்தைப் பெருக்கும், மனத்தை அமைதிப்படுத்தும் என்பது சீன மருத்துவத்தின் கணிப்பு. கடுமையான மூலிகைகள் வயிற்றைப் பாதிக்காமல் காக்கவும் இதையே கூடச் சேர்க்கிறார்கள். சீன மருந்தளவு நூல் சொல்லும் அளவு நாளுக்கு 6 முதல் 15 கிராம்.

வாங்கும்போது தோல் அடர்சிவப்பாக, சுருக்கம் மேலோட்டமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மெத்தென்று மீண்டு வரவேண்டும். பிசுபிசுவென ஒட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது. காம்பருகே துளை தெரிந்தால் உள்ளே புழு. பளபளக்கும் தேன்பழத்தை எடுக்காதீர்கள். அது சர்க்கரைப் பாகில் ஊறியது, சூப்புக்குத்தான் சரி.

சுருக்கங்களில் தூசி தங்கும். வெதுவெதுப்பான நீரில் விரைவாகத் தேய்த்துக் கழுவுங்கள். நெடுநேரம் ஊறவிட்டால் இனிப்பு அந்த நீரோடு போய்விடும். அடுத்து, பழத்தைப் பிளந்தே ஆக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். முழுப்பழமாகப் போட்டால் தோல் சாற்றைத் தடுத்துக்கொள்ளும், கஷாயம் வெளிறி நிற்கும். கொட்டையை நீக்கிவிடுங்கள், அது சூடு தரும் என்பது தென்சீனாவின் கன்டன் பகுதி வழக்கம்.

மண்சட்டி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்பும் அலுமினியமும் வேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்க பழைய கஷாயம் ‘கான் மை தா சாவ் தாங்’. சீனாவின் கிழக்கு ஹான் அரசமரபுக் காலத்து மருத்துவர் சாங் சோங்சிங், காரணமின்றி அழுகை வந்து அடிக்கடி கொட்டாவி விடும் பெண்களுக்கு இதைச் சொன்னார். சீன அதிமதுரம் 9 கிராம், முழுக்கோதுமை 15 முதல் 30 கிராம், பிளந்த பழம் 10. எல்லாவற்றையும் 900 மில்லி நீரில் அரைமணி ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைத் தணித்து, பாதியாகச் சுண்டும்வரை வைத்து வடிகட்டுங்கள். மூன்று பங்காக்கி, நாளில் மூன்று வேளை வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இதைத் தவிருங்கள்: அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைக்கும். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாரக்கணக்கில் தொடரக் கூடாது.

வயிறு உப்பியிருந்தால், நாக்கில் தடித்த வெண்படலம் இருந்தால், சளி கட்டியிருந்தால் பழத்தை நிறுத்துங்கள். இதன் இனிப்பு அவற்றை இன்னும் தேக்கும் என்பார்கள் சீன வைத்தியர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தின் சர்க்கரையையும் அன்றாடக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மீதிப் பழத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்ட பழத்தை வெட்டி எடுத்துப் பயன்படுத்தாமல் முழுதாக எறிந்துவிடுங்கள்.