கடல்நீர்த் தொட்டியில் பாஸ்பேட்: எந்த மீடியாவை வாங்குவது?

பாறையில் முடிமுடியாகப் பச்சைப் பாசி. கண்ணாடியை இன்று துடைத்தால் நாளைக்கே மறுபடியும் படலம். கடையில் போய்ச் சொன்னால், பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட்டைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் பாஸ்பேட் மீடியா என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த டப்பா, எவ்வளவு என்பதைத் தொட்டிதான் சொல்ல வேண்டும். காசு கொடுக்குமுன் இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் அளந்து பாருங்கள்

பவளம் வளர்க்கும் தொட்டிக்குப் பொதுவாக 0.03 முதல் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை பாஸ்பேட் இருக்கலாம். மீன் மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் கூடினாலும் பதற வேண்டாம். இவ்வளவு சின்ன எண்ணை நிற அட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஹன்னா செக்கர் போன்ற டிஜிட்டல் கருவி வாங்குவது நல்லது. குப்பியில் விரல் ரேகையோ, உள்ளே ஒட்டிய சிறு குமிழியோ, கரையாத தூளோ இருந்தால் எண் தப்பாக வரும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். சில மாடல்கள் பாஸ்பேட்டுக்குப் பதில் பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும். அதை 3.066-ஆல் பெருக்க வேண்டும். 30 என்று வந்தால் பாஸ்பேட் 92 பிபிபி, அதாவது 0.09 பிபிஎம்.

பாசி மண்டிக் கிடக்கும்போது கருவி பூஜ்யம் காட்டினால் நம்பாதீர்கள். வருகிற பாஸ்பேட்டை எல்லாம் பாசியே தின்றுகொண்டிருக்கும்.

2. வரும் வழியை அடையுங்கள்

பெரும்பகுதி தீனியிலிருந்துதான் வருகிறது. உறைந்த இறால் கட்டியை அப்படியே தொட்டிக்குள் போடாமல், உருக்கி, வடிகட்டி, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் கையில் தீனி டப்பா சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

அடுத்தது தண்ணீர். நம் ஊர்ச் சூட்டுக்குச் சில்லர் வாங்க முடியாதவர்கள் மின்விசிறி வைத்துத் தண்ணீரைக் குளிர வைக்கிறோம். விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும், தினமும் ஊற்ற வேண்டியிருக்கும். ஆவியாவது வெறும் நீர்தான். குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் அதில் இருப்பதெல்லாம் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் மணல் ஃபில்டர் கரைந்த பாஸ்பேட்டைப் பிடிக்காது. ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும். கடைவரிசையில் உள்ள தண்ணீர் இயந்திரத்தில் பிடிப்பதானால் தாது சேர்க்காத தண்ணீரா என்று பார்த்து, டிடிஎஸ் மீட்டரால் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) ஒருமுறை சோதியுங்கள். பினாங்குக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பத்து பெரிங்கி கடற்கரையில் வாளியால் மொண்டு வருவது இலவசம்தான், ஆனால் கரையோரத் தண்ணீரோடு கரையிலிருந்து ஓடிவந்த அழுக்கும் வரும்.

3. டப்பாவைத் தேர்ந்தெடுங்கள்

கார்பன் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், பாஸ்பேட்டைத் தொடாது. பீங்கான் வளையமும் பயோபால் என்ற பிளாஸ்டிக் உருண்டையும் பாக்டீரியா குடியிருக்க மட்டுமே. பாஸ்பேட்டுக்கு உண்மையில் இரண்டுதான்.

ஒன்று, ஜிஎஃப்ஓ எனப்படும் இரும்பு ஆக்சைடு மணிகள், துருப்பிடித்த பழுப்பு நிறம். பவளத் தொட்டிக்கு என் தேர்வு இதுதான். மற்றது, வெள்ளை உருண்டைகளாக வரும் அலுமினியம் ஆக்சைடு. வேகமாக உறிஞ்சும், பையில் கட்டிப் போட்டால் போதும், ரியாக்டரில் (மீடியாவின் ஊடே தண்ணீரைச் செலுத்தும் குழாய்) சுழலவிடக் கூடாது, உரசித் தூளாகும். லெதர் போன்ற மென்பவளம் சில இதற்குச் சுருங்கிக்கொள்வதுண்டு. அதனால் மீன் மட்டும் உள்ள தொட்டியில் எண் எகிறிக் கிடந்தால் இதை எடுக்கலாம். லாந்தனம் குளோரைடு என்ற திரவமும் விற்கிறார்கள். புதியவர்கள் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்குக் கீழே இருக்கிறதா? எதுவும் வாங்காதீர்கள்.

4. கழுவி, கொஞ்சமாகப் போடுங்கள்

ஜிஎஃப்ஓவை வாளியில் ஆர்ஓ தண்ணீர் விட்டு அலசுங்கள். முதல் தண்ணீர் செம்மண் குழம்பாக வரும், தெளியும்வரை மாற்றுங்கள். கையால் பிசைந்தால் மணி உடைந்து மேலும் தூள்தான் வரும். ரியாக்டரில் தண்ணீர் கீழிருந்து மேலே போகட்டும், உலையில் அரிசி கொதிக்கத் தொடங்குவதுபோல் மேல் அடுக்கு மட்டும் லேசாக அசைந்தால் போதும். ரியாக்டர் இல்லையென்றால் மெல்லிய வலைப்பையில் கட்டி, சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) தண்ணீர் பாயும் இடத்தில் வையுங்கள்.

டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கோடு ஆரம்பியுங்கள். மடமடவென்று இறங்கினால் பவளம் வெளுக்கும், ஓரத்திலிருந்து தோல் உரியும். பூஜ்யத்துக்குப் போனால் டைனோ எனப்படும் குமிழி ஒட்டிய பழுப்புச் சளி கிளம்பும். அதைவிட முடிப்பாசி எவ்வளவோ தேவலாம். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அளங்கள், கேஎச்சையும் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) சேர்த்துப் பாருங்கள், ஜிஎஃப்ஓ அதைக் கொஞ்சம் இறக்கலாம்.

இறங்கிய எண் சில நாளில் திரும்ப ஏறினால் மீடியா போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பாறையும் மணலும் பிடித்துவைத்திருந்த பாஸ்பேட் மெல்ல வெளியே வருகிறது. அது தீர மாதக்கணக்கில் ஆகலாம்.

5. எப்போது மாற்றுவது

ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனியாக அளங்கள். இரண்டும் ஒரே எண் என்றால் மீடியா நிரம்பிவிட்டது. பழையதை அலசித் திரும்பப் போட்டுப் பயனில்லை. புதியதையும் மொத்தமாகக் கொட்டாமல், இதுவரை எண்ணை நிலையாக வைத்திருந்த அதே அளவு மட்டும் போடுங்கள்.