நாலுவழிச் சாலைக்கு நிலம் போகிறதா? முதல் 21 நாள் முக்கியம்

ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசலும் நேருக்கு நேர் மோதலும் குறையும், சரி. ஆனால் கல் நடுவது உங்கள் தோட்டத்தில் என்றால், அளக்க வந்தவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி உட்காராதீர்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன் 3ஏ பிரிவு அறிவிக்கை (நிலத்தை எடுக்கப்போகிறோம் என்ற அரசின் அறிவிப்பு) அரசிதழிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் வரும், அதில் ஒன்று தமிழில். அறிவிக்கையில் உள்ள உங்கள் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் பட்டா, புலப்பட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் (பாதி ஊரில் அப்படித்தான்) வாரிசுச் சான்று வாங்கி இப்போதே மாற்ற ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் பணம் வரும் நேரத்தில் பங்காளிச் சண்டையில் சிக்கிக்கொள்ளும்.

ஆட்சேபணையை 3ஏ அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். இது நிலத்தை எடுப்பது பற்றியது. விலைத் தகராறுக்கு இடம் இதுவல்ல. ஊரே சேர்ந்து சர்வீஸ் ரோடு, சுரங்கப்பாதை கேட்பதென்றால் தனி மனுவாகக் கலெக்டரிடமும் நெடுஞ்சாலைத் திட்ட இயக்குநரிடமும் கொடுங்கள், ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையை நாலுவழியாக்கிவிட்டுக் கடக்க வழி விடாவிட்டால் என்ன பாதுகாப்பு?

கிணறு, போர், தென்னை, கட்டடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், அளவீட்டுப் பட்டியலில் ஒரு மரம்கூட விடுபடக் கூடாது. சந்தை மதிப்பு 3ஏ வெளியான தேதியை வைத்துக் கணக்கிடப்படும். 2013 நில எடுப்புச் சட்டப்படி அதற்கு மேல் 100 சதவீத ஆறுதல் தொகை (கட்டாயமாக நிலம் எடுப்பதற்கான கூடுதல் இழப்பீடு) உண்டு. தொகை போதவில்லை என்றால், நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி(5) பிரிவின்படி மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் மனுச் செய்யலாம்.